சிவப்புக்குப் பிறகு ஒரு டம்

எல்லா டிரம்மும் நின்ற பிறகு, மூடிய கதவுக்குள்ளிருந்து தனியாக ஒரு 'டம்' வந்தது.

"என் பொண்ணுதான்," என்றார் பஸ் டிரைவர், பெஞ்சில் பக்கத்திலிருந்த ஓர் அம்மாவிடம். "மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மாவின் இரட்டைப் பிள்ளைகளும் உள்ளே வகுப்பில் இருந்தார்கள். "கதவு சாத்தியிருக்கு. எப்படி அவதான்னு சொல்றீங்க?"

"எங்க போனாலும் நான்தாங்க மன்னிப்புக் கேக்கறது. பழகிடுச்சு."

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்து உட்காரவைத்து, அந்தப் பள்ளியில் புதிதாகத் தொடங்கிய இசை வகுப்பு அது. டீச்சர் பச்சை அட்டையைத் தூக்கினால் அடிக்க வேண்டும். சிவப்பைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். டிரைவரின் மகள் இதிலேயே தொடரலாமா, தனி அறைக்கே திரும்ப வேண்டுமா என்று இன்றைக்கு முடிவு சொல்வதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார்.

டம் டம் டம். அமைதி. டம்.

"ரொம்ப உற்சாகமா இருக்கா போல," என்றாள் இரட்டையரின் அம்மா.

"சிவப்புன்னா என்னன்னு அவளுக்கு நல்லாத் தெரியுங்க. சிக்னல்ல நான் பஸ்ஸைக் கோட்டு மேல நிறுத்தினாக்கூட, பின்னாடி எடுன்னு ஒரே ரகளை. பஸ்ஸே சிரிக்கும். இங்க வந்து ஏன் மானத்தை வாங்கறாளோ."

பியூன் டீயோடு ஹெட்மாஸ்டர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார். "ரூம்ல ஆளைக் காணோம். ஆறிப்போவுது. நீங்க குடிக்கிறீங்களாண்ணே?"

டிரைவர் வாங்கிக்கொண்டார். வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து அடுத்த 'டம்'. பாதி டீ சட்டையில்.

உள்ளே டீச்சரின் குரல், இழுத்துப் பிடித்த பொறுமையோடு: "எல்லாரும் நிறுத்தியாச்சு. ஒருத்தரைத் தவிர."

டிரைவர் எழுந்துவிட்டார். "அவங்க அனுப்பறதுக்கு முந்தி நாமளே கௌரவமாக் கிளம்பிடலாம்."

"அட, உட்காருங்க. போன வருஷம் விழா மேடையிலயே என் ரெண்டும் முடியைப் பிடிச்சுக்கிட்டுப் புரண்டுச்சுங்க. யாரு அனுப்பினா?"

"உங்க பிள்ளைங்க பண்ணா அது குறும்புங்க. என் பொண்ணு பண்ணா கம்ப்ளெயின்ட்."

அந்த அம்மா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மறுபடியும் டம் டம் டம். மறுபடியும் அமைதி. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

டம்.

அவ்வளவுதான். உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. "சிவப்பு, சிவப்பு, சிவப்பு" என்று மகள் கத்தினாள். டீச்சர் ஏதோ சமாதானம் சொன்னார். கத்தல் நிற்கவில்லை.

"போச்சு," என்றார் டிரைவர்.

கதவு திறந்தது. ஹெட்மாஸ்டர் வெளியே வந்து அதை ஓசைப்படாமல் சாத்தினார். முகம் சிவந்து கிடந்தது. கையில் டிரம் குச்சி. மகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்து டிரைவர் எழுந்தார்.

"சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

"எங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

"தனி ரூமுக்குத்தான் சார். அதானே முடிவு?"

ஹெட்மாஸ்டர் பெஞ்சின் மறுமுனையில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளே டிரம்கள் மறுபடி எழுந்தன. சட்டென்று ஒன்றாக நின்றன. இந்தத் தடவை அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை.

அவர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு இங்கயேதான் இருப்பா. என்னைத்தான் வெளிய உட்காரச் சொல்லிட்டா."