வாட்சப்பில் வந்த பத்திரிகை

"சத்தமா சொல்லு" என்றார் சாமிதுரை.

அம்சம் மோடத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். வைஃபை கடவுச்சொல், பன்னிரண்டு எழுத்து. அவர் ரிமோட்டை அழுத்தி அழுத்தி, டிவியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் போனார். நாற்றுமுடி எண்ணுகிறவரின் நிதானம்.

மணி ஒன்பதே முக்கால். முகூர்த்தம் பத்தரை வரைதான். அதற்குள் மதிவதனியின் கழுத்தில் தாலி ஏறிவிடும். அதை ஒரு கண் பார்த்துவிட வேண்டும். அம்சத்துக்கு இன்றைக்கு வேறெதுவும் வேண்டாம்.

மதிவதனி சாமிதுரையின் தம்பி நெடுமாறனின் மகள். ஐந்தாம் வகுப்பு வரை அவளுக்குத் தலை பின்னிவிட்டது பெரியம்மா அம்சம்தான்.

கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பது சாமிதுரையின் தீர்ப்பு. நெடுமாறன் வேன் வைத்துக்கொண்டு பட்டுக்கோட்டை, நீடாமங்கலம் என்று ஊர் ஊராகப் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தான். சொந்த அண்ணனுக்கு வாட்சப்பில் அனுப்பினான். அதுவும் தனியாக இல்லை, நூற்று நாற்பது பேர் இருக்கிற குரூப்பில்.

அண்ணன் வீடும் நம் வீடுதானே, அங்கே என்ன பத்திரிகை என்று அவன் நினைத்திருப்பான். அம்சத்துக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால், நீ அவன் பக்கமா என்பார். எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் முப்பத்து நான்கு வருஷத்தில் அவளுக்குக் கை நன்றாகத் தேறியிருந்தது.

பத்திரிகையின் அடியில், வர இயலாதவர்களுக்காக என்று ஒரு நேரலை லிங்க் இருந்தது. நேற்று அதைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

"போன்லதான கூப்பிட்டான்? போன்லயே போயிட்டு வந்துருவோம்."

போனில் பார்த்தால் அவளுக்கு ஆள் எது, வாழைமரம் எது என்று தெரியவில்லை. அதனால்தான் சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வாங்கி அனுப்பிய டிவிக்கு இன்றைக்கு நெட் கொடுக்கிற வேலை.

கடவுச்சொல் தவறு என்றது டிவி.

"நீ ஒழுங்கா படிக்கல."

"நான் ஒழுங்காத்தான் படிக்கிறேன். நீங்க காத இங்க வச்சாத்தானே."

அவர் மறுபடி முதல் எழுத்துக்குப் போனார்.

ஏழு மணிக்கே சவரம் செய்து, கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர். அவள் பட்டுப்புடவையில் வந்து நின்றபோது மட்டும், டிவி பார்க்கப் பட்டு எதற்கு என்று கேட்டார். அவள் அவருடைய வேட்டிக் கரையை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாம் தடவை டிவி ஒத்துக்கொண்டது. ஆனால் போனில் இருந்த கல்யாணம் டிவிக்குப் போக மாட்டேன் என்றது. மகனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். போனையும் அதே வைஃபையில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது என்றான்.

மறுபடி மோடம். மறுபடி பன்னிரண்டு எழுத்து.

பத்து ஐந்து. அம்சம் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், மஞ்சள் கலந்த அரிசியை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள்.

"டிவி மேல எறிஞ்சுடாத. ரிப்பேராயிடப் போவுது."

"புள்ள தலையில போடத்தான் விடல. இது மேலயாவது போட்டுக்குறேன், சும்மா இருங்க."

சட்டென்று திரை முழுக்க மணமேடை.

மதிவதனி குனிந்தபடி கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னும்போதும் இப்படித்தான் கடிப்பாள். நெடுமாறன் தாலித் தட்டோடு பக்கத்தில் நின்றான். பெரியம்மா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு மெரூன் புடவை நின்றது. போகட்டும். அம்சம் திரைக்கு ஒரு முழத் தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தவள் மாதிரி அவளுக்கு மூச்சு வாங்கியது.

கெட்டிமேளம் கொட்டியது.

டிவியில் இல்லை. டிவியில் தவில்காரர் கையைச் சும்மா வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. கல்யாண மண்டபம் அவர்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவில் இருந்தது. காலை ஆறு மணியிலிருந்தே நாயனம் இந்த வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அங்கே தாலி கட்டியாகிவிட்டது. இங்கே இன்னும் இல்லை. நேரலை அரை நிமிஷம் பிந்தித்தான் வரும் போலிருக்கிறது.

அந்த அரை நிமிஷத்தில், திரையில் நெடுமாறன் தட்டை இன்னும் கொடுக்கவில்லை. யாரோ அவன் தோளைத் தொட்டு அவசரப்படுத்தினார்கள். அவன் மண்டப வாசலைப் பார்த்தான். நுனிக்காலில் நின்று, ஆட்களின் தலைக்கு மேலாக, இன்னொரு தடவையும் பார்த்தான். அப்புறம்தான் தவில்காரரைப் பார்த்துத் தலையசைத்தான்.

அம்சம் திரும்பினாள்.

சாமிதுரை எழுந்து நின்று சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பித்தான் ஒன்று மாறி விழுந்திருந்தது.

"இதுல பந்தி வராதுல்ல" என்றார், அவளைப் பார்க்காமல்.