லாரி கேட்டவர் கையில் கரண்டி

“நான் கேட்ட ரேடியோப் பிரிவு வேலையையே எனக்குத் தருவாங்களாப்பா?” நாளை ராணுவத்தில் சேரப்போகும் மகள் கேட்டாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே அப்பா சிரித்தார். “எனக்கும் லாரி ஓட்டணும்னுதான் ஆசை. ஆள் எடுத்த அதிகாரிகிட்ட கேட்டேன். ‘ஓட்டலாம், ஓட்டலாம்’னு தலையாட்டினாங்க. நம்பிக் கையெழுத்துப் போட்டேன். முகாமுக்குப் போனா, கையில கரண்டியைக் கொடுத்துட்டாங்க!”

“எழுதி வாங்கலையா?”

“தோணலை. அடுப்புப் புகையில கண்ணு எரியறப்பல்லாம் அந்த அதிகாரியைத் திட்டித் தீர்ப்பேன்.”

“அப்புறம் அவங்களைப் பார்க்கவே இல்லையா?”

“பார்க்காம என்ன? தினமும் சாப்பாட்டு வரிசையில முதல் ஆளா தட்டோட வந்து நிப்பாங்க.” அப்பா நறுக்கிய வெங்காயத்தை வாணலியில் தள்ளினார். “அந்த நாளெல்லாம் இனி வருமா!”

கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “லாரியைக் கொடுத்திருந்தா எல்லைக்குப் போயிருப்பீங்க. சமையல்கூடம் என் ஆபீசுக்கு எதிர்லயே இருந்துச்சு. அதான்!”

“அம்மா, அந்த அதிகாரி நீயா?”

“நானேதான். நீ எழுதி வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. ஆள் எடுக்கிறவங்க வாய்ப்பேச்சை நம்பிடாதே.”

“நம்பினவன் ஒண்ணும் கெட்டுப் போயிடலையே,” என்றபடி அப்பா முதல் தட்டை அம்மாவுக்கு எடுத்து வைத்தார்.