ஆடி மாசத்துச் சார்டின்

“ஆடி மாசத்துல யாராவது சார்டின் டின் வாங்கிட்டு வருவாங்களா?”

உமாராணியின் குரல் சமையலறையில் புறப்பட்டுப் பின்கதவு வழியாக வெளியேறி, குருண் ஊரில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தது. ஊரடங்கில் மனிதர்களுக்குத்தான் தடை, குரலுக்கு இல்லை.

புவனேசன் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். முகக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை.

“கொண்டக்கடல டின்னுன்னு நெனச்சு எடுத்துட்டேன்லா.”

“டின் மேல மீன் படம் போட்டிருக்கு. கொண்டக்கடலைக்கு வாலு இருக்குமா?”

“மாஸ்க் போட்டா கண்ணாடியில பனி புடிச்சுக்குது. ஒன்னும் தெரிய மாட்டுது.”

“அப்ப இந்தக் கோழி? இதுவும் பனியில தெரியலையா?”

புவனேசன் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். உமாராணி பையில் மறுபடி கையை விட்டாள். ஒரு பால் மாவு டின் வந்தது.

“போன வாரம் நமக்குப் பால் மாவு கேட்டா, ஒரு வயசுப் பிள்ளைக்கு உள்ளத வாங்கிட்டு வந்தீங்க. அவ்வளவு பேச்சு வாங்கியும் இந்த வாரமும் அதேதானா? இந்த வீட்ல யாரு கைக்கொழந்த, நீங்களா நானா?”

கூடத்தில் ஆன்லைன் வகுப்பில் இருந்த மகள் சாந்தினி, அவசரமாக மைக்கை அணைத்தாள். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

வீட்டில் இரண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர் அப்பா மட்டும்தான். அதனால் கடைக்குப் போகும் வேலை அவர் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். எந்த ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த மனிதருக்கா சார்டினும் கடலையும் தெரியாமல் போகும்? வீட்டிலேயே அடைந்து கிடந்து அப்பாவுக்குப் புத்தி மங்கிக்கொண்டு வருகிறதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

உமாராணி மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்சுவருக்குப் போனாள்.

“மரியா, ஓ மரியா. இங்க கொஞ்சம் வா.”

பக்கத்து வீட்டு மரியா, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், குழந்தை எவலினை இடுப்பில் வைத்தபடி வந்தாள். அவள் கணவன் மோரிஸ் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுபவன். பயணிகளே இல்லாமல் வேன் வாசலில் மாதக்கணக்காகத் தூங்குகிறது. கஷ்டப்படுகிற வீடுகள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டலாம், சாமான் தேடி வரும் என்று நாடே பேசியது. அதே வரிசையில் இரண்டு வீட்டில் கட்டியும் விட்டார்கள். மரியா கட்டவில்லை. தாமான்காரர்கள் கேட்காமலே கொண்டுபோன அரிசியையும், “இல்லாதவங்களுக்குக் குடுங்க” என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

“இந்த மனுசன் செஞ்ச வேலையப் பாரு மரியா. கொரோனா காலத்துல கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். ஆடி முடியற வரைக்கும் எங்க சட்டியில கவுச்சி ஏறாது. பால் மாவு குடிக்கப் பிள்ளையும் இல்ல. நீ எடுத்துக்கலன்னா தோங் சம்பாவுலதான் போடணும்.”

“குப்பையில போடுவாங்களாக்கா சாப்பாட்ட? குடுங்க, நாங்க எப்படியாவது தின்னு தீத்துர்றோம்.”

பெரிய உதவி செய்கிற தோரணையில் மரியா பையை வாங்கிக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்தாள்.

“அண்ணன ரொம்பத் திட்டாதீங்கக்கா. பாவம், வயசாகுதில்ல.”

சமையலறைத் தொட்டியில் மங்கு கழுவிக்கொண்டிருந்த புவனேசன் காதிலும் அது விழுந்தது. அவர் திரும்பவில்லை. சாந்தினிக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா உள்ளே வந்ததும் எதிரே போய் நின்றாள்.

“ம்மா, போதும்மா. அப்பாவுக்கு மானம் மரியாத இல்லையா? அடுத்த வீட்டுக்குக் கேக்குற மாதிரி எதுக்குக் கத்துறீங்க?”

“கேட்டா கேக்கட்டும்.”

“வாரா வாரம் இதே கூத்துதான். ஒழுங்கா ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்தா என்ன?”

“வாட்சப்புல போட்டுத்தான் அனுப்புறேன்.”

“நீங்க எழுதின லட்சணம் எனக்குத் தெரியாதா? அப்பா, போனக் குடுங்க. நான் பாக்குறேன்.”

புவனேசன் சோப்புக் கையாலேயே சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

“வேணாம்லா, விடு. தப்பு என் மேலதான்.”

இவ்வளவு திட்டு வாங்கியும் அம்மாவை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாரே என்று சாந்தினிக்குக் கண் கலங்கியது. அப்பா கையை விலக்கிவிட்டுப் போனை எடுத்தாள். இன்றைக்கு அம்மாவை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் எடுத்தாள்.

உமாராணி அடுப்புப் பக்கம் திரும்பி, கொதிக்காத பருப்பைக் கிண்டத் தொடங்கினாள்.

அம்மா காலையில் அனுப்பிய செய்தி மேலேயே இருந்தது.

‘நமக்கு: முருங்கைக்காய், தயிர், துவரம்பருப்பு.

தப்பா வாங்க வேண்டியது: சார்டின் ஆறு, கோழி ஒன்னு, எவலின் பால் மாவு. போன வாரத்து டின் இந்நேரம் தீந்திருக்கும்.

நான் திட்டும்போது தயவுசெஞ்சு மாஸ்க்கக் கழட்டாதீங்க. போன வாரம் சிரிச்சுட்டீங்க.’