மாடியறையில் ஒரு குரல்

லோகப்பிரியாவுக்கு எட்டாம் மாதம். கொரோனா என்று தெரிந்ததும் அன்னூர் வீட்டின் மாடியறையில் தனியாக இருக்கவைத்தார்கள். அவள் கணவன் தீபக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூச்சுவிட முடியாமல் கிடந்தான். அவனிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. பேச யாருமில்லாமல், "உங்கப்பா வந்துருவாருல்ல கண்ணு?" என்று வயிற்றைத் தடவித் தடவிக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

மதியச் சோற்றைப் படியில் வைக்க வந்த மாமியார் சென்னியம்மாள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"அம்மணி, பக்கத்தூட்டுக் கொழந்தைய எதுக்கு உள்ள உட்டே? சீக்கு ஒட்டிக்காதா?"

"இங்க யாருமில்லீங்க அத்தை."

"எதுக்கு மறைக்கறே? 'வரமாட்டாரு, வரமாட்டாரு'ன்னு அழுகுதே, எனக்குக் கேக்குதில்ல."

லோகப்பிரியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லாத கண்ணு, சொல்லாத" என்று வயிற்றை இரு கைகளாலும் பொத்தினாள்.