ஆறுக்கு நாலு

சுகுணா டேப்பின் ஒரு முனையைக் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைச் சுவர்வரை இழுத்தாள். செல்போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில்.

"நீளம் ஆறடி, அகலம் நாலு. எழுதிக்கிட்டீங்களா சார்?"

ஆடிட்டர் அனந்தபத்மன் அலுத்துக்கொண்டார். "ஏம்மா, நீங்க செய்யறது மொழிபெயர்ப்பு. வீட்டிலிருந்து வேலைன்னு இந்த மூலைக்கு வாடகையில பங்கு போட்டுக் கழிச்சா, வரியில ஐந்நூறு ரூபாய்கூடக் குறையாது. என் ஃபீஸே ரெண்டாயிரம்!"

"வாங்கிக்கங்க சார். மத்தியானத்துக்குள்ள தாக்கல் பண்ணிடணும்."

"நீங்க அனுப்பின போட்டோவுல அரிசி டிரம்தானேம்மா இருக்கு?"

"தூக்கி வெளிய வச்சாச்சு. இப்ப மேஜை இருக்கு. வேற போட்டோ அனுப்பறேன்."

பன்னிரண்டரைக்கு அவர் ஆபீஸில், தாக்கல் செய்த வரிக் கணக்கின் முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டு, ஓட்டமாக ஓடி ஆட்டோ பிடித்தாள்.

"குடும்பநல கோர்ட்டுக்குப் போங்கண்ணே. சீக்கிரம்."

மடியிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்து நகலை உள்ளே செருகினாள். அதற்கு அடியில், பிரிந்துபோன கணவன் கையெழுத்திட்ட மனு இருந்தது.

'என் மனைவி காலையில் வேலைக்கு வெளியே போனால் இரவுதான் திரும்புகிறாள். வீட்டில் ஆள் இல்லை. எனவே குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்.'