மெஜாரிட்டி

ஆராவமுதன் சார் கரும்பலகையில் ‘நேஷன்’ என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதினார்.

“ஒரு நேஷன் உண்டாகணும்னா முதல்ல என்ன வேணும்? இங்கிலீஷ்ல சொல்லணும்.”

“ரேஷன் சார்,” என்றான் மில்லில் வேலை பார்க்கும் முனியப்பன்.

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. மைசூர் சர்க்காரில் சிரிக்காமலே உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். இப்போது ஆஸ்டின் டவுனில், பள்ளிக்கூடம் விட்டபின் காலியாகும் ஓர் அறையில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு இலவசமாக இங்கிலீஷ் கற்பித்துவந்தார். நாடு குடியரசாகி ஒரு வாரம்தான். வாசலில் கட்டிய தோரணத்தைக்கூட யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை.

“பீப்பிள். ஜனங்கள்தான் வேணும். இனிமே ராஜா கிடையாது, துரை கிடையாது. மெஜாரிட்டி சொன்னா அதுதான் சட்டம். எங்கே, சொல்லுங்கோ.”

“மெஜாரிட்டி,” என்றது வகுப்பு.

“புரிஞ்சுதான்னு பார்ப்போம். இந்த வகுப்புதான் ஒரு புது தேசம். யாராவது ஒரு தீர்மானம் கொண்டுவாங்கோ.”

புது தேசம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தது. பிறகு பாங்கு பியூன் ஆம்ப்ரோஸ் எழுந்தான்.

“சார், கிளாஸ் ஏழு மணிக்கு இருக்குது. வேலை விட்டதும் அதுவரைக்கும் ரோட்டுல சும்மா சுத்திக்கிட்டிருக்கோம். வீட்டுக்குப் போறப்போ சோறு ஆறிப் போவுது, பெண்டாட்டி மூஞ்சி சூடாவுது. அஞ்சரைக்கு வெச்சா தேவலை.”

“இங்கிலீஷ்ல.”

“கிளாஸ், ஃபைவ் தர்ட்டி, ப்ளீஸ்.”

“பேஷ். ஆதரிக்கிறவா கையைத் தூக்குங்கோ.”

முனியப்பன் இரண்டு கையையும் தூக்கினான். தையல் வேலை செய்யும் ருக்கு தூக்கினாள். மற்றவர்களும் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா பவுலின் மட்டும் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசியாகத் தூக்கினாள்.

சார் எல்லாக் கைகளையும் பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“முடியாது. ஏழு மணிதான்.”

“சார், மெஜாரிட்டின்னீங்களே?”

“சொன்னேன். ஏழு மணிதான். இஷ்டமில்லாதவா நின்னுக்கலாம்.”

“ஏன் சார், காரணமாவது சொல்லக் கூடாதா?”

“கூடாது. புஸ்தகத்தைத் திறங்கோ.”

புது தேசம் பிறந்த வேகத்தில் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் புஸ்தகத்தைத் திறந்தார்கள்.

வகுப்பு முடிந்து தெருவுக்கு வந்ததும் முனியப்பன் பொங்கினான். “வெள்ளைக்காரன்கூட காரணம் சொல்லிட்டுத்தான்யா அடிச்சான். இவர் பாடத்துல ஜனநாயகம், பேச்சுல திவான். பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர்கிட்ட போய்ச் சொல்லி, இவரை மாத்திடணும்.”

“நாம போய் நின்னா மதிக்க மாட்டாங்க,” என்றான் ஆம்ப்ரோஸ். “நர்ஸம்மாவைக் கூட்டிட்டுப் போனா எடுபடும். நான் பேசறேன்.”

மறுநாள் பாங்கு மூடியதும் ஆம்ப்ரோஸ் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான்.

“நர்ஸ் பவுலினா? அப்படி யாரும் இங்கே இல்லையே,” என்றாள் வார்டு வாசலில் இருந்த நர்ஸ்.

அவளுக்குப் பின்னால், நீண்ட நடையில், ஒருத்தி மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி. பெயரைக் கேட்டுத் திரும்பினாள்.

ஆம்ப்ரோஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பவுலின்தான் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நர்ஸுன்னு நான் சொல்லலை அண்ணா. வெள்ளைப் புடவையைப் பார்த்து நீங்களா சொன்னீங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

“அதனால என்னம்மா. வேலை எத்தனை மணி வரைக்கும்?”

“ஆறரை ஆயிடும். சார் இங்கே ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்போ, இங்கிலீஷ் வந்தா நர்ஸ் டிரெய்னிங்ல சேத்துக்கறேன்னு மேட்ரன் என்கிட்ட சொன்னதைக் கேட்டுட்டார். அவரேதான் கிளாஸுக்கு வரச் சொன்னார்.”

“அப்போ நீ ஏம்மா அஞ்சரைக்குக் கையைத் தூக்கினே?”

“தூக்காம இருந்தா எல்லாரும் ஏன்னு கேப்பீங்களே. கிளாஸை விட்டு நின்னுடலாம்னுதான் தூக்கினேன்.” அவள் வாளியைப் பார்த்தபடி சொன்னாள். “நேத்து கிளாஸ் முடிஞ்சு போறப்போ சார் ஒண்ணுமே கேக்கலை. ஏழு மணிக்கு வந்துடணும், லேட் பண்ணக் கூடாதுன்னு மட்டும் சொன்னார்.”

ஆம்ப்ரோஸ் கிளம்பத் திரும்பினான்.

“நீங்க எதுக்கு வந்தீங்க அண்ணா?”

“சும்மாதான். அஞ்சரை எனக்குத் தோதுப்படாது, தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கப் போறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“முனியப்பன் அண்ணன் உங்களைத் திட்டுவாரே.”

“திட்டட்டும். சார் எத்தனை நாளைக்குத்தான் ஒண்டியாத் திட்டு வாங்குவாரு?”