வரப்புக்கு அந்தப் பக்கம்

"வித்தியாசமே தெரியலையே, மிஸ் ஹில்டா! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே விளைஞ்சிருக்கு?"

பால் பண்ணை மேனேஜர் சத்தியநாதன் வரப்பில் நின்று கேட்டார். பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே, வரப்புக்கு இந்தப் பக்கம் பூவராகனின் வயல். அந்தப் பக்கம் அவர் மனைவி அங்காளம்மாளின் வயல். இரண்டிலும் நெற்கதிர்கள் கனம் தாங்காமல் தலை சாய்ந்து நின்றன.

பண்ணையின் கழிவுநீர்த் தொட்டியில் தங்கும் சேற்றை அதுவரை குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் வீணாகப் போவதைச் சோதித்துச் சொன்னவள், பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹில்டா. மணலில் பரப்பிக் காயவைத்து, கையாலேயே உடைத்துப் பொடித்தாள். சேலையூர் திரும்பும் பஸ்ஸில் எத்தனை கூட்டமானாலும் அவள் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். அதை அவள் பொருட்படுத்தியதே இல்லை.

யூரியா கண்ணில் படாத வருஷம் அது. தன் வயலில் அந்தச் சேற்றைப் போட்டுப் பார்க்க பூவராகன் உடனே சம்மதித்தார். அங்காளம்மாள்தான் குதித்தாள்.

"கம்பெனி சாக்கடையைக் கொட்டறதுக்கு எங்க நெலம்தான் கெடச்சுதா? அந்தப் பக்கம் எங்க அப்பன் குடுத்தது. அதுல ஒரு கூடை விழட்டும், அப்பால கீது சேதி!"

ஹில்டாவுக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் தெரிந்தால் சுற்றுவட்டார விவசாயிகளுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று மேனேஜரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"உங்க உழைப்பை நான் குறை சொல்லலை," என்றார் சத்தியநாதன், குரலைத் தணித்து. "ஞாயித்துக்கிழமைகூட சர்ச் முடிஞ்சு நேரா இங்கேதான் வந்தீங்க. ஆனா ஒண்ணுமே போடாத நிலமும் இப்படி விளையுதுன்னா, உங்க சேறு என்ன செஞ்சுது?"

ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஹில்டா சொல்லவில்லை.

"கண்ணுக்குத் தெரியறதை இல்லைன்னு சொல்ல மாட்டேன் சார்," என்றாள்.

"அப்போ பழையபடி குழியிலேயே கொட்டிடலாம்," என்று சத்தியநாதன் ஜீப்பில் ஏறினார்.

பக்கத்துக் களத்திலிருந்து இதைக் கேட்ட அங்காளம்மாள் ஓடிவந்து ஜீப்பை மறித்தாள்.

"இன்னா சார், குழியிலயா கொட்டப் போறீங்க?"

"உங்களுக்குச் சந்தோஷம்தானே அக்கா? இனிமே அந்த நாத்தம் இங்கே வராது," என்றாள் ஹில்டா.

அங்காளம்மாள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நட்ட ஒரே மாசத்துல அந்தாளு பக்கம் பச்சைப்பசேல்னு எழும்பிச்சு, என் பக்கம் மஞ்சளா சோர்ந்து கெடந்துச்சு, பாத்துகினு சும்மா இருக்க முடியல. நீங்க கொட்டி வச்சதுல மீந்த சேத்தை, எங்க ஆளுக்குக்கூடத் தெரியாம, மூக்கைப் புடிச்சிகினு நான்தாம்மா கூடை கூடையா அள்ளி என் பக்கம் போட்டேன்!"